"தளர்த்துங்கள்" என்று பெற்றோர் கேட்கும்போது

கொரோனா காலத்தில் பள்ளி வாசலில் பெற்றோர் நம்மிடம் கேட்டவற்றை எழுதத் தொடங்கினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். "ஒருநாள் விட்டு ஒருநாள் எதுக்குங்க டீச்சர், தினமும் அனுப்பிடுறோமே", "மாஸ்க் போட்டா பாப்பாவுக்கு மூச்சு முட்டுதாம்", "விளையாட்டு பீரியட் இல்லன்னு தம்பி பள்ளிக்கூடமே வரமாட்டேங்குறான் சார்". எதிர்க்குரலும் அதே வாசலில்தான் கேட்டது: "வீட்ல அத்தைக்கு டயாலிசிஸ் நடக்குதுங்க. மாஸ்க் போடாத பிள்ளைங்க பக்கத்துல இவனை உட்கார வைக்காதீங்க சார்."

இரு தரப்பினரும் பெற்றோரே. இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் இருந்தோம். "மேலிடத்து உத்தரவுங்க" என்ற ஒரே பதிலோடு பல நேரங்களில் பேச்சு முடிந்தது. அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அது போதாது. நோய்த்தடுப்புக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சொல்லும் கோரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது, பள்ளி அளவில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்போது எதற்கு என்று தோன்றலாம். 2023 மார்ச்சில் புதுச்சேரியில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவியபோது 1 முதல் 8 வகுப்புகளுக்கு 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை விடுமுறை அளிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நிபா தொற்றால் கோழிக்கோடு மாவட்டப் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மை, பொன்னுக்கு வீங்கி, மெட்ராஸ் ஐ ஆகியவை எந்தப் பள்ளிக்கும் புதியவை அல்ல. கட்டுப்பாடு மறுபடியும் வரும். அதைத் தளர்த்தச் சொல்லும் பெற்றோரும் வருவார்கள்.

இரண்டே மாதத்தில் மாறிய கருத்து

நம் மாநிலத்தில் நடந்ததையே முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. நவம்பர் 16 முதல் 9 முதல் 12 வகுப்புகளைத் திறக்கலாமா என்பது குறித்து, நவம்பர் 9 அன்று பள்ளிதோறும் பெற்றோர் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஜனவரி 6 முதல் 8 வரை மீண்டும் கருத்துக் கேட்கப்பட்டது. இம்முறை பெரும்பான்மையோர் திறக்கச் சொன்னார்கள். ஜனவரி 19 அன்று வகுப்பறைக்கு 25 பேர் என்ற அளவில் 10, 12 வகுப்புகள் தொடங்கின.

அதே பெற்றோர், இடையில் இரண்டே மாதம். தொற்று எண்ணிக்கை குறைந்திருந்தது, பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் பிள்ளை படிக்கவில்லை என்பது கண்கூடாகத் தெரிந்தது. ஆகவே பெற்றோரின் கருத்தை நிலையான ஒன்றாகக் கொள்ளக் கூடாது. ஒருமுறை கேட்டுக் கையொப்பம் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. சூழல் மாறும்போது மீண்டும் கேட்க வேண்டும்.

தளர்த்தச் சொல்கிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று எண்ணுவது எளிது. களத்தில் கிடைத்த செய்தி வேறு. பொருளியலாளர்கள் ஜான் டிரெஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வு ஒன்று 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் நடந்தது. வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குடும்பங்களைச் சந்தித்துக் கேட்டார்கள். கிராமப்புறத்தில் இணையவழியில் முறையாகப் படித்துவந்த குழந்தைகள் 8 சதவீதம் மட்டுமே. 37 சதவீதத்தினர் படிப்பதையே விட்டிருந்தனர். பள்ளியை விரைவில் திறக்க வேண்டும் என்று கிராமப்புறப் பெற்றோரில் 97 சதவீதத்தினர் கூறினர்.

இழப்பின் அளவை இன்னோர் ஆய்வும் காட்டியது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் 5 மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் 2 முதல் 6 வகுப்பு வரை படித்த 16,067 குழந்தைகளை ஆராய்ந்தது. முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது 92 சதவீதக் குழந்தைகள் இழந்திருந்தனர். கணிதத்தில் அது 82 சதவீதம். வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் இருந்த தாய்தான் "தினமும் அனுப்புறோமே" என்று கேட்டார். நோயைப் பற்றிய அறியாமை அவரைக் கேட்க வைக்கவில்லை. பிள்ளை எழுத்தை மறந்துகொண்டிருப்பதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு அடியும் மூன்று அடியும்

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்குப் பின்னும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரிந்தால்தான் எதைத் தளர்த்தலாம் என்று பேச முடியும். இடைவெளியை எடுத்துக்கொள்வோம்.

20 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள வகுப்பறை. கரும்பலகை, ஆசிரியர் நடமாட்டம் ஆகியவற்றுக்காக முன்புறம் 6 அடி விட்டுவிடுகிறோம். சுவரிலிருந்து 1 அடி தள்ளி, பிள்ளைக்குப் பிள்ளை 6 அடி இடைவெளி விட்டால் ஒரு வரிசையில் 4 பேர், மொத்தம் 3 வரிசை. ஆக 12 பேர். அதே அறையில் 3 அடி இடைவெளி என்றால் வரிசைக்கு 7 பேர், 5 வரிசை. ஆக 35 பேர்.

35 பேர் உள்ள வகுப்பில் 6 அடி விதியைக் கடைப்பிடித்தால் மூன்று குழுக்களாகப் பிரிக்க வேண்டும். வாரத்தில் ஆறு வேலைநாள் என்றாலும் ஒரு பிள்ளைக்கு இரண்டே நாள்தான் பள்ளி. 3 அடி என்றால் எல்லாரும் தினமும் வரலாம். ஓர் எண் மாறும்போது ஒரு குழந்தையின் வாரத்தில் நான்கு நாள் கூடுகிறது.

அந்த எண்ணும் கல்லில் பொறித்ததன்று. நம் நாட்டில் 6 அடி பின்பற்றப்பட்டது. உலகச் சுகாதார அமைப்பு குறைந்தது 1 மீட்டர், அதாவது மூன்று அடிக்குச் சற்றே கூடுதல், என்றது. 6 அடியை வலியுறுத்திவந்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே, 2021 மார்ச் 19 அன்று, மாணவர் அனைவரும் முகக்கவசம் அணிந்திருக்கும் வகுப்பறைகளில் பொதுவாக 3 அடி போதும் என்று மாற்றிக்கொண்டது. ஒரு தடுப்பு உறுதியாக இருக்கும்போது இன்னொன்றைத் தளர்த்தலாம் என்ற கருத்து இதில் அடங்கியிருக்கிறது. பெற்றோரிடம் பேசும்போது இது நமக்குப் பெரிதும் உதவும். "எல்லாத்தையும் எடுத்துடலாமா" என்ற கேள்வியை "எதை வைத்துக்கொண்டு எதை விடலாம்" என்று மாற்றிக்கொள்ள முடிகிறது.

மேசையைத் துடைத்தோம், ஜன்னலை மறந்தோம்

தொடக்கத்தில் கைபட்ட இடங்கள் வழியே தொற்று பரவும் என்ற அச்சம் அதிகம் இருந்தது. மேசை, கதவுக் கைப்பிடி, புத்தகம் என எல்லாவற்றுக்கும் கிருமிநாசினி தெளித்தோம். நோட்டுப் புத்தகங்களைத் தொட்டுத் திருத்தவே தயங்கினோம். பின்னர் தெளிவு பிறந்தது. தொற்றுள்ள பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க மையம் 2021 ஏப்ரலில் கூறியது. காற்றோட்டம் குறைந்த, கூட்டமான அறைகளில் காற்றின் வழியாகவும் பரவும் என்பதை உலகச் சுகாதார அமைப்பு அதே மாத இறுதியில் தன் விளக்கத்தில் சேர்த்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவோம். நோட்டுப் புத்தகத்தைத் திருத்தித் தரக் கேட்ட பெற்றோரின் கோரிக்கையை அறிவியல் ஆதரித்தது. குளிர்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்ற கோரிக்கையை ஆதரிக்கவில்லை. இரண்டுமே தளர்வுக் கோரிக்கைகள்தாம். ஆனால் ஒன்றை ஏற்கலாம், மற்றதை ஏற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும்படி செய்கிற காரியம் எல்லாம் பாதுகாப்பு ஆகிவிடாது. ஜன்னலைத் திறந்துவைப்பதும் வேப்பமரத்தடியில் வகுப்பு எடுப்பதும் செலவில்லாதவை; பயனோ அதிகம்.

முகக்கவசமும் ல, ள, ழ-வும்

முகக்கவசம் பற்றிய பேச்சில் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ப, ம சொல்லும்போது இதழ்கள் கூடுவதையும், உ, ஒ சொல்லும்போது குவிவதையும் பார்த்துத்தான் குழந்தை ஒலியைப் பிடிக்கிறது. ல-வுக்கு நாக்கு எங்கே நிற்கிறது, ழ-வுக்கு எப்படி மடிகிறது என்று வாயைத் திறந்து காட்டாமல் கற்பிக்க முடியாது. ஆசிரியரின் வாயும் மறைந்து, பிள்ளையின் வாயும் மறைந்திருந்தால், 'பள்ளி' என்கிறதா 'பல்லி' என்கிறதா என்று நமக்கே தெரியாது. செவித்திறன் குறைந்து, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கோ வகுப்பே அடைபட்டுப்போகிறது.

வழிகாட்டு நெறிமுறைகள் இதைக் கருதாமல் இல்லை. உலகச் சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்ட்டிலேயே வயதுவாரியாகப் பிரித்தன. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட திருத்திய நெறிமுறையும் அதையே சொன்னது: 5 வயது வரை முகக்கவசம் பரிந்துரைக்கப்படவில்லை, 6 முதல் 11 வயது வரை, குழந்தையால் முறையாக அணிய முடிவதைப் பொறுத்து, பெரியவர் மேற்பார்வையில் அணியலாம், 12 வயதுக்கு மேல் பெரியவர்களைப் போலவே அணிய வேண்டும்.

ஆகவே முதல் வகுப்புத் தாய் கேட்டதற்கும் பத்தாம் வகுப்புத் தந்தை கேட்டதற்கும் ஒரே பதில் கிடையாது. கோரிக்கை ஒன்றுபோல் தோன்றினாலும் பிள்ளையின் வயது பதிலை மாற்றிவிடுகிறது.

நான்கு கேள்விகள்

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், எந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லி யார் கேட்டாலும் நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

1. இந்தக் கட்டுப்பாடு எந்த வழியில் பரவும் நோயைத் தடுக்கிறது? காற்றிலா, தொடுதலிலா, தண்ணீரிலா, கொசுவாலா? டெங்குக் காய்ச்சலுக்கு இடைவெளி விட்டு உட்காருவது உதவாது. மாடியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது உதவும்.

2. யாரைக் காக்கிறது? அந்தப் பிள்ளையை மட்டுமா, பக்கத்துப் பிள்ளையையுமா, வீட்டிலுள்ள முதியவரையுமா? தனக்கு மட்டும் வரும் இடரைப் பெற்றோர் ஏற்கலாம். அடுத்தவர் பிள்ளைக்கு வரும் இடரை அவர் ஏற்க முடியாது.

3. இதற்காகப் பிள்ளை எதை இழக்கிறது? வகுப்பையா, விளையாட்டையா, சத்துணவையா, தோழமையையா? இழப்பு எல்லாருக்கும் சமமாக இருக்காது. பள்ளிச் சத்துணவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு, பள்ளி இல்லாத நாள் சூடான சோறு இல்லாத நாளாகவும் ஆகிவிடும்.

4. இதை மாற்றும் அதிகாரம் யாருக்கு? நமக்கா, தலைமையாசிரியருக்கா, மாவட்ட நிர்வாகத்துக்கா, அரசுக்கா?

இந்த நான்குக்கும் விடை தெரிந்தால், மறுக்கும்போதுகூடக் காரணத்தோடு மறுக்க முடியும். காரணம் சொல்லப்பட்ட மறுப்பைப் பெற்றோர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மறுபக்கம் நிற்கும் பெற்றோர்

தளர்வு கேட்கும் குரல் உரக்க ஒலிக்கும். தளர்த்த வேண்டாம் என்கிறவர் பல நேரம் தனியாக, தயங்கித் தயங்கி வருவார். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளையின் அம்மாவாக இருக்கலாம். அவரை எண்ணிக்கையில் தோற்றவராகக் கருதினால் பள்ளி தவறிழைக்கிறது.

இந்தச் சிக்கல் பிற நாடுகளிலும் எழுந்தது. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது நாம் அறிய வேண்டிய ஒன்று. 2022 ஜனவரி 15 அன்று பதவியேற்ற ஆளுநர் கிளென் யங்கின், பிள்ளை பள்ளியில் முகக்கவசம் அணிவதா வேண்டாமா என்பதைப் பெற்றோரே முடிவுசெய்யலாம் என்று அன்றே ஆணையிட்டார். தளர்வு கேட்டுவந்த பெற்றோர் வரவேற்றனர். ஏழு பள்ளி வாரியங்கள் ஆணையை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. பிப்ரவரியில் அது சட்டமாகவே ஆனது. எளிதில் தொற்றுக்கு ஆளாகும் உடல்நிலை கொண்ட 12 மாணவர்களின் பெற்றோர் தனியே வழக்குத் தொடர்ந்தனர். மார்ச்சில் நீதிபதி அளித்த இடைக்கால உத்தரவு அந்தச் சட்டத்தைப் பொதுவில் நிறுத்தவில்லை. ஆனால் அந்த 12 பேரின் பள்ளிகள், தேவையான இடத்தில் உடன் இருப்போரை முகக்கவசம் அணியச் சொல்வதை அந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்றது. டிசம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நீதிமன்றம் வரை போய் அடைந்த அந்தத் தீர்வைத் தலைமையாசிரியர் அறையிலேயே அடைய முடியும். பொதுவாகத் தளர்த்தும்போதும், தேவையுள்ள ஒரு பிள்ளைக்காகச் சிறிய ஏற்பாடு ஒன்றைத் தக்கவைக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஜன்னலோர இருக்கை, அருகில் அமரும் நான்கு பேர் மட்டும் முகக்கவசம், சளி இருமல் உள்ளவர்கள் வேறு வரிசை. நோயின் பெயரை வகுப்பில் சொல்லத் தேவையில்லை. "இந்த வரிசைக்கு இந்த வாரம் இப்படி" என்றால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் செய்துவிடுவார்கள்.

முடிவு யார் கையில்?

கொள்ளை நோய்கள் சட்டம் 1897, தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 ஆகியவற்றின்கீழ் அரசும் மாவட்ட நிர்வாகமும் பிறப்பிக்கும் உத்தரவுகளை ஆசிரியரோ தலைமையாசிரியரோ தளர்த்த முடியாது. பெற்றோர் எல்லாரும் கையொப்பமிட்டுக் கேட்டாலும் முடியாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை கொடுத்து ஏமாற்றக் கூடாது.

ஆனால் உத்தரவின் எல்லைக்குள் நமக்கு நிறைய இடம் உண்டு. இடைவேளையை வகுப்புவாரியாகப் பிரிப்பது, உடல் உரசாத விளையாட்டுகளை மைதானத்தில் நடத்துவது, உணவு நேரத்தை இரண்டு பந்தியாக்குவது, உச்சரிப்புப் பாடத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோவது, வராந்தாவில் பெற்றோரைச் சந்திப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நம்மால் மாற்ற முடியாததை மேலே கொண்டுசெல்ல ஒரு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-இன்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குழுக் கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ சுகாதார ஆய்வாளரையோ அழைத்து, அவர் முன்னிலையில் கோரிக்கையைப் பேசி, தீர்மானமாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ அனுப்பலாம். வாசலில் ஒருவர் சொன்னது புலம்பலாகப் போகிறது. தீர்மானப் பதிவேட்டில் ஏறியது கோரிக்கையாக நிற்கிறது. மருத்துவர் சொன்ன கருத்தை நடவடிக்கைக் குறிப்பில் சேர்ப்பது அவசியம்.

ஒப்புதல் கடிதம் பற்றியும் ஒரு சொல். 2020 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்டது. 2022 பிப்ரவரியில், அது தேவையா என்பதை மாநிலங்களே முடிவுசெய்யலாம் என்றாயிற்று. ஒப்புதல் கடிதம் என்பது பெற்றோர் விவரம் அறிந்து இசைந்ததற்கான சான்று. "ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல" என்று பள்ளி எழுதி வாங்கிக்கொள்ளும் சீட்டாக அது ஆகிவிடக் கூடாது. கைநாட்டு வைக்கும் பெற்றோருக்குக் கடிதத்தைப் படித்துக்காட்டிய பிறகே கையொப்பம் பெற வேண்டும்.

பேசும் முறை

"மூச்சு முட்டுதாம் டீச்சர்" என்று வருகிற அம்மாவிடம் முதலில் விதியைச் சொல்லாமல், விவரம் கேட்போம். "எப்போங்கம்மா முட்டுது? ஓடும்போதா, உட்கார்ந்திருக்கும்போதா? வீசிங் ஏதாவது இருக்கா?" இளைப்பு இருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். துணி தடிமனாக இருந்தால் வேறு துணி போதும். விளையாடும்போது மட்டும் என்றால், மைதானத்தில் தள்ளி நின்று கழற்றிக்கொள்ள வழிசெய்யலாம். "வேண்டாம்" என்று வந்த கோரிக்கைக்குள் பத்தில் பாதி இப்படிச் சிறிய ஏற்பாட்டிலேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எது உறுதி, எது மாறக்கூடும் என்பதையும் சொல்லிவிடுவோம். "இப்போதைக்கு இதுதாங்க உத்தரவு. அடுத்த வாரம் மறுபடி பார்ப்பாங்க. மாறினா உடனே சொல்றோம்" என்ற பதில் உண்மையானது. மூன்று மாதம் கழித்து விதி மாறும்போது "அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க" என்ற கேள்வி எழாது. வாட்ஸ்அப் குழுவில் விவாதம் முற்றும்போது அங்கேயே பதில் எழுதிக்கொண்டிருப்பதைவிட, பேச வருமாறு அழைப்பது நல்லது.

இறுதியாக, நடைமுறைக்கு எளிய ஒன்று. பள்ளியில் நோய்த்தடுப்புக்காக எந்தக் கட்டுப்பாடு கொண்டுவந்தாலும் அதை ஒரு பதிவேட்டில் நான்கு பத்திகளில் எழுதிவைக்கலாம்: கட்டுப்பாடு, தொடங்கிய நாள், காரணம், மறுபடி பார்க்க வேண்டிய நாள். நான்காவது பத்தி காலியாக இருக்கும் கட்டுப்பாடுகள்தாம் காரணம் மறைந்த பிறகும் நீடிக்கின்றன. பெற்றோர் தளர்வு கேட்டு வரும் நாளில், அந்தப் பதிவேட்டைத் திறந்து அவர்கள் முன் வைத்தே பேசலாம்.